ஆறு மொழிகளில் இருபத்தொரு ரூபாய்

கோலார் தங்கவயலில் வாழ்பவர்களுக்குப் பணம் ஒரு பொருட்டே அல்ல என்று ஈப்போவில் எங்கள் வீட்டில் அந்நாளில் நம்பினோம். தங்கத்தின் மேல் அடுப்பு மூட்டிச் சமைப்பவர்கள் அவர்கள். நாங்களோ ஈயச் சுரங்கத்து ஊர்க்காரர்கள். மலாயாத் தமிழர்களாகிய நாங்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம். ஈயம் தோண்டி வெள்ளி சம்பாதிக்கிறவர்கள், தங்கம் தோண்டுகிறவர்களிடம் எந்த முகத்தோடு பெண் கேட்பது என்று அம்மா பல நாள் தயங்கினாள்.

கேட்க வேண்டிய பெண் வேறு யாருமல்ல, என் தம்பி தாமோதரனுக்கு முறைப்பெண்தான். அப்பா பதினெட்டு வயதில் மாரிகுப்பத்தை விட்டு மலாயா ரயில்வேக்கு வந்தவர். அவருடைய தங்கை கன்னியம்மா அத்தை, சுரங்கத் தொழிலாளி ஒருவரை மணந்து அங்கேயே இருந்துவிட்டாள். அத்தையின் ஒரே மகள் வசந்தாவைத் தாமோதரனுக்கு முடிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதைச் சொல்லிவிட்டு அவர் போய் ஓராண்டு நிறைந்திருந்தது. அம்மாவுக்கு நீண்ட பயணம் ஆகாது. தாமோதரனுக்குக் கல்யாணத்துக்குத்தான் விடுப்பு. பரிசம் போடுவது மாப்பிள்ளையின் அக்காவுடைய உரிமை என்பதால் பள்ளி ஆசிரியையாக இருந்த நான் கிளம்பினேன். மலாயா சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இந்தியாவில் நயா பைசா வந்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகியிருந்தது.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளை ரயில் ஊர்ந்தது. எதிரே இருந்த அம்மாள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தெலுங்கில் ஏதோ சொல்ல, பெட்டி முழுவதும் சிரித்தது. நான் மட்டும் விழிப்பதைக் கண்ட ஒருத்தி தமிழில் சொன்னாள்: "இந்த வண்டி போற வேகத்துக்கு, ஏறும்போது வெதை போட்டா எறங்கும்போது காய் பறிச்சிக்கலாம்னு சொல்லுது."

ஈப்போவில் சுண்ணாம்புக்கல் மலைகளின் காலடியில், ஈயம் அலசிய வெண்மணல் பரந்து கிடக்கும். இங்கே தங்கம் எடுத்த பின் கொட்டிய மண்ணே மலையாக நின்றது. அந்தச் சாம்பல் நிற மேடுகளுக்குப் பின்னால், ஷாப்டு என்ற சுரங்கக் குழிகளின் மேலிருந்த பெரிய சக்கரங்கள் ஒன்று மாற்றி ஒன்று சுழன்றன. பூமிக்குள் யாரோ இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள் என்பதைத் தவிர அங்கே தங்கத்தின் அடையாளம் எதுவும் தென்படவில்லை.

நிலையத்தில் மஸ்தான் பாயின் ஜட்கா கிடைத்தது. அவருடைய குதிரை ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் நின்றது. மூன்றாவது முறை நின்றபோது காரணம் கேட்டேன்.

"பழைய ஓனரு பழக்கம்மா அது. அவரு செத்து மூணு வருசமாவுது. இது மட்டும் இன்னும் அவருக்கு டீ வாங்கிக் குடுத்துகினு கீது."

நான்காவது கடையில் அது நகரவே மறுத்துவிட்டது. பாய் இறங்கி ஒரு டீ வாங்கி, குதிரையின் கண்ணெதிரே நின்று நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு வண்டி புறப்பட்டது.

கூலி பன்னிரண்டணா என்றார். என்னிடம் இருந்த புதுக் காசுகளில் ஐம்பது என்று பொறித்ததையும் இருபத்தைந்து என்று பொறித்ததையும் எடுத்துக் கணக்குத் தெரியாமல் விழித்தேன். பாய் என் உள்ளங்கையிலிருந்து இரண்டையும் மெல்ல எடுத்துக்கொண்டு, "இது அட்டன்னி, இது சவன்னி, சரியாப் போச்சு" என்றார். காசில் என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. அதன் பெயர் அவருக்குத் தெரியும்.

மைசூர் மைன்ஸ் லைன் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளின் நடுவே இருந்தது அத்தையின் வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தெருவுக்கு வந்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்லாத. நடந்து வந்ததப் பாத்தே கண்டுபுடிச்சிட்டேன். எங்கண்ணன் மாதிரியே தரையத் தேய்ச்சிகினு வர்ற. வா மருமவளே."

அம்மா கொடுத்தனுப்பிய மலாய்ப் பூவேலை பாத்திக் கைலி, நெத்திலிக் கருவாடு, தலைவலித் தைலம் எல்லாவற்றையும் அத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். கைலியையும் முகர்ந்தாள். அதில் தன் அண்ணன் வீட்டு வாசனை இருக்கிறதா என்று தேடினாள் என்று பிறகு புரிந்தது. அந்தி சாய்வதற்குள் சூடான கேழ்வரகுக் களியும், அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிச் செய்த பிதுக்கம்பருப்புக் குழம்பும் தட்டில் வந்தன. தை மாதக் குளிருக்கு அந்தக் களி உள்ளேயிருந்து போர்த்திவிட்டதுபோல் இருந்தது. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் மென்றுகொண்டே இருந்ததை வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

தயக்கம் விட்டதும், வீட்டில் எங்காவது தங்கக்கல் வைத்திருக்கிறார்களா, பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இந்த வீட்ல கீற தங்கம் அம்மா மூக்குத்தி ஒண்ணுதான் அண்ணி" என்றாள் வசந்தா. "அதுவும் வேலூர்ல வாங்கினது."

ஈப்போவில் நாங்கள் வளர்த்த நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி.

சுவரில் ஒரு முகக்கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் சட்டத்தைச் சுற்றி மலாயாத் தபால்தலைகள் இடைவெளி விடாமல் ஒட்டப்பட்டிருந்தன. தாமோதரன் எழுதிய கடிதங்களிலிருந்து வெட்டியவை. வசந்தாவின் மனம் எங்கே இருந்தது என்று நான் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. அத்தையின் மனம்தான் தெரியவில்லை. மாமா இறந்து ஒன்பது ஆண்டுகளாக மகளை ஒற்றையாளாக வளர்த்தவள் அவள். பெங்களூரில் ஆலைவேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் மறுவாரம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெங்களூர் ரயிலில் போய் வரக்கூடிய தூரம். பரிசம் விழாத பெண்ணைப் பார்க்க வராதீர்கள் என்று எவரிடமும் சொல்ல முடியாது. எனக்கு இருந்தது ஐந்து நாள்.

இரண்டாம் நாள் வசந்தா என்னை ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்கு அழைத்துச் சென்றாள். கீரைக்காரி, வெங்காயக்காரர், மணிக்கடைக்காரர் என்று நாங்கள் நின்ற இடமெல்லாம் இருபத்தைந்து என்று பொறித்த அதே காசு கைமாறியது. அந்தச் சந்தையில் அதை இருபத்தைந்து என்று சொன்னவர் ஒருவருமில்லை. எங்களிடம் கேட்கும்போது நாலணா. அடுத்தவள் தெலுங்குக்காரி என்றால் பாவலா. கன்னடக்காரரிடம் நாக்காணெ. மஸ்தான் பாயைப் போன்றவர் வந்தால் சவன்னி. அரசாங்கம் காசை மாற்றியிருந்தது. சந்தை அதை இன்னும் பழைய பெயர்களாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெங்காயக்காரர் ஒரே மூச்சில் நான்கையும் சொல்லி நான்கு பேரை அனுப்பினார். அவருடைய தாய்மொழி எது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ரூபாயும் அப்படித்தான். தமிழர் அதன் வாலை நறுக்கி ரூபா என்றார்கள். கன்னடத்தில் ரூபாயி. தெலுங்கில் ஒன்றுக்கு மேற்பட்டால் ரூபாயலு. உருது பேசுகிறவர்களிடம் ருப்பய்யா, பலவாகிவிட்டால் ருப்பே. ஒரே தாய் வயிற்றில் பிறந்து நான்கு வீடுகளில் வாழ்க்கைப்பட்டவர்கள் போல, அந்தப் பெயர்களுக்கு முகச்சாயல் ஒன்றாக இருந்தது. எங்கள் ஊர்ச் சந்தை வேறு. அங்கே மலாய்க்காரருக்கு அது ரிங்கிட், ஈப்போச் சீனருக்கு மன், ஆங்கிலத்தில் டாலர், எங்களுக்கு வெள்ளி. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நான்கு பெயர்கள் ஒரே நோட்டில் குடித்தனம் நடத்தின. இதை வசந்தாவிடம் விளக்கியபோது அவள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அப்ப அங்க காய் வாங்கப் போனா நான் இன்னான்னு கேக்கறது?"

"யார்கிட்ட வாங்குறங்கிறதப் பொறுத்தது."

"இங்க மாதிரியேதான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் அச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே கீரைக்கட்டுகளுக்கு நடுவில் உதிர்ந்தது என்று நினைக்கிறேன்.

அன்று நண்பகல், பக்கத்து வீட்டு ஓபுலேசு ஷிப்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். மாமாவோடு இருபது ஆண்டுகள் பூமிக்கடியில் ஒரே லெவலில் வேலை செய்தவர். அத்தையைச் 'செல்லெம்மா' என்று அழைத்தார். தெலுங்கில் தங்கைக்குச் சொல்லும் சொல். பரிசம் எவ்வளவு என்று நான் பேச்செடுத்ததும் அவரே பதில் சொன்னார்.

"இருவத்தோரு ரூபா. அதுல பேச்சே இல்ல. எங்க தாத்தா காலத்துலயும் அதான். ஆனா எங்க லைன்ல ஒரு மொறை கீதும்மா. பரிசம் போடறவங்க தட்டப் புடிச்சிகினு, எவ்ளோன்னு நாலு பாஷையிலயும் சொல்லணும்."

"நாலு பாஷையிலயுமா?"

"முன்ன ஒரு தபா பெரிய சண்ட. குடுத்தது எவ்ளோன்னு ரெண்டு வூடும் அடிச்சிகினாங்க. சாட்சிங்களக் கூப்புட்டா, அவங்க தமிழ்ல இன்னாவோ சொன்னாங்க, எங்களுக்கு இன்னா தெரியும்னு ஒதறிட்டாங்க. அன்னிலேர்ந்து சாட்சி எந்த பாஷையோ அந்த பாஷையில சொல்லணும். தமிழ் உங்களுது. தெலுங்குக்கு நானு. உருதுக்கு மஸ்தான் பாய். கன்னடத்துக்குப் பால்கார மல்லம்மா. நாங்க மூணு பேரும் 'கேட்டோம்'னு சொன்னாத்தான் பரிசம் விழுந்துதுன்னு அர்த்தம்."

அத்தை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பன் இல்லாத பொண்ணு. அவளுக்கு அப்பன் இந்த லைன்தான். அவங்க கேக்கணும்." அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் முற்பகல் என்று முடிவாயிற்று. அந்த வாரம் ஓபுலேசுக்கு இரண்டாவது ஷிப்டு. ஒரு மணிக்குச் சுரங்கத்துச் சங்கு ஊதினால் அவர் கிளம்பியாக வேண்டும். மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும். இடையில் வேறு பொழுது கிடையாது.

மூன்றாம் நாள் முழுவதும் படித்தேன். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த பாவத்தை அன்று தீர்த்தேன். காலையில் மல்லம்மா எருமையோடு வந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி, தமிழ் புரியும், பேச மாட்டாள். நான் 'இப்பத்தொந்து ரூபாயி' என்று பிழையில்லாமல் சொல்லும்வரை பாலை அளக்கமாட்டேன் என்று செம்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை தேறினேன். அவள் கன்னடத்தில் சொன்னதை வசந்தா எனக்குச் சொன்னாள்: "எருமை கூட ரெண்டாந்தபாவே சரின்னு தலையாட்டிருச்சாம். அதுக்கு எரக்கம் ஜாஸ்தியாம்."

உருதுக்கு மஸ்தான் பாய் வீடு தேடி வந்தார். 'இக்கீஸ் ருப்பே' சுலபமாக வந்தது. தெலுங்குதான் நழுவியது. 'இரவை ஒக்க ரூபாயலு' என்பதில் நடுவிலுள்ள 'ஒக்க' ஒவ்வொரு முறையும் எங்கோ தொலைந்தது. வசந்தா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே என்னைத் திருத்தினாள்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தரை ஒருமுறை குலுங்கியது. அடுக்கில் இருந்த பித்தளைச் சொம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே, இடது கையால் குழம்புச் சட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தாள். வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லோரும் எதற்கோ காது கொடுத்தார்கள். சங்கு ஊதவில்லை. பெண்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். அத்தை மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"அடியில பாறை வெடிச்சா இப்டித்தான்" என்றாள் வசந்தா. "யாருக்கும் ஒண்ணும் இல்ல. இருந்தா ஊதியிருக்கும்."

நான்காம் நாள் விடிந்தது. வாசலில் ஜமுக்காளம் விரித்து லைன் முழுவதும் கூடியது. வெற்றிலை, தேங்காய், பூ, மஞ்சள், கூறைப்புடவை, அதன் மேல் இருபத்தொரு ரூபாய் எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. ஆனால் பூசாரி வரவில்லை. அவர் ராபர்ட்சன்பேட்டையில் வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அழைத்துவர மஸ்தான் பாயின் ஜட்கா போயிற்று. அந்தக் குதிரையை எல்லோருக்கும் தெரியும். எந்தெந்தக் கடையில் இப்போது நின்றுகொண்டிருக்கும் என்று பெண்கள் விரல்விட்டு எண்ணிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓபுலேசு ஷிப்டுக்குப் போகும் உடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கும் தொப்பியும் பக்கத்தில் இருந்தன.

பூசாரி வந்து கற்பூரம் காட்டி முடித்தபோது சங்குக்குச் சில நிமிடங்களே இருந்தன. ஓபுலேசின் கை அவரை அறியாமல் தூக்கின் பிடிமேல் போயிற்று. தட்டைத் தூக்கினேன். தமிழில் சொன்னேன். அடுத்தது தெலுங்கு. 'இரவை' என்று தொடங்கியதும் மிச்சம் முழுவதும் நினைவிலிருந்து துடைத்துவிட்டது போலாயிற்று. எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஈப்போவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் கூடும் இடத்தில் எவர் மனமும் கோணாதபடி எல்லோருக்கும் பொதுவாக நாங்கள் பேசுவது ஆங்கிலம். இந்த லைனில் ஷிப்டு, ஆளை இறக்கும் கேஜ், லெவல் என்ற சொற்களைச் சின்னக் குழந்தையும் பேசுகிறது. ஒரே முறையில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிடலாம். ஓபுலேசும் நேரத்துக்குப் போவார்.

"ட்வென்டி ஒன் ருப்பீஸ்" என்றேன், வகுப்பறையில் சொல்வதுபோல் தெளிவாக.

யாரும் 'கேட்டோம்' என்று சொல்லவில்லை. அத்தை தட்டை வாங்குவதற்காக நீட்டியிருந்த கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

மஸ்தான் பாய்தான் முதலில் பேசினார். குரலில் கோபம் இல்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. இங்க இங்கிலீஷ்ல சொன்னா அது ஆர்டரு. வாக்கு இல்ல."

அத்தை என்னைப் பார்த்தாள். "ஒங்க மாமா போனத அந்த பாஷையிலதாம்மா போர்டுல ஒட்டினாங்க. ஷாப்ட் வாசல்ல எல்லாரும் நின்னு பாத்துகினு இருந்தோம். எனக்குப் படிக்கத் தெரில. ஓபுலேசு அண்ணன்தான் படிச்சாரு. படிச்சிட்டு எங்கிட்ட வந்து, தெலுங்குல பாதி தமிழ்ல பாதி சொன்னாரு. அவரு சொன்னப்பறந்தான் எனக்கு அழுகையே வந்துது."

அந்த நேரத்தில் சங்கு ஊதியது. நீளமாக, இடையில் மூச்சு வாங்காமல் ஊதியது. கையில் தட்டோடு நான் நின்றேன். இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் தெருக்கோடியில் வேகமாக நடந்தார்கள். ஒருவர் ஓபுலேசைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓபுலேசு எழுந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். அவர் தூக்கையும் தொப்பியையும் எடுத்து அத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டு, திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"போங்கண்ணா, கேஜ் போயிடும்" என்றாள் அத்தை.

"போவட்டும். நாளைக்கும் வரும்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏமம்மா, மொதல்லேர்ந்து ஆரம்பி. இப்ப நேரம் நெறைய கீது. மெதுவா சொல்லு."

முதலிலிருந்து தொடங்கினேன். தமிழ் முடிந்தது. தெலுங்கில் 'இரவை' என்று நின்றேன். கூட்டத்திலிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்து 'ஒக்க' என்று எடுத்துக் கொடுத்தன. 'ரூபாயலு' என்று முடித்தேன். "வின்னானம்மா, வின்னானு" என்றார் ஓபுலேசு. கேட்டேன், கேட்டேன். 'இப்பத்தொந்து ரூபாயி'. மல்லம்மா தலையை ஆட்டி, "கேளிதெ" என்றாள். அவள் எருமை அன்று வரவில்லையே என்று யாரோ குறை சொன்னார்கள். 'இக்கீஸ் ருப்பே'. "சுனா" என்றார் மஸ்தான் பாய்.

தட்டை அத்தையின் முன்னால் நீட்டினேன். அவள் இன்னும் வாங்கவில்லை.

"இன்னும் பாக்கி கீது."

"நாலும் சொல்லிட்டேனே அத்தை."

"இவ வாழப்போற ஊர்ல இத இன்னான்னு சொல்வாங்க? அதையும் சொல்லு. எங்களுக்குப் புரியாட்டியும் பரவால்ல. அந்த ஊர்ப் பேரு எங்க காதுல வுழணும்."

மலாயில் சொன்னேன்: துவா புலோ சத்து ரிங்கிட். ஈப்போச் சீனர் சொல்வதுபோல் சொன்னேன்: யீ சாப் யாத் மன். பிறகு ஓபுலேசு, பாறையைத் தட்டிப் பார்ப்பவர்போல, "ரிங்கிட்" என்று சொல்லிப் பார்த்தார். அடுத்து மஸ்தான் பாய். அதன்பின் வாசல் முழுவதும் ரிங்கிட், ரிங்கிட் என்று சலங்கை கட்டிய மாதிரி ஒலித்தது. மல்லம்மாவுக்கு 'மன்' பிடித்துவிட்டது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்து வரிசையிலிருந்து குழந்தைகள் ஓடிவந்து, எதற்கென்று தெரியாமலேயே கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

அத்தை கூட்டத்தோடு சேர்ந்து சொல்லவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, தனியாக, மெதுவாகச் சொன்னாள். முதலில் தவறாக வந்தது. மீண்டும் சொன்னாள். சரியாக வந்தது.

"ம், கேட்டேன்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

வசந்தா உள்ளே ஓடிவிட்டாள். கண்ணாடிக்கு முன்னால், தபால்தலைகளின் நடுவே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குப் பூ வைக்கப் போன பெண்கள் வந்து சொன்னார்கள். அன்று லைனில் அனைவருக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் சோறும் பாயசமும். ஓபுலேசு தமக்குக் கிடைத்த எதிர்பாராத விடுமுறையை மூன்று முறை பாயசம் வாங்கிக் கொண்டாடினார். "மாப்ள வந்து எனக்கு ஒரு ஷிப்டு சம்பளம் தரணும். ரிங்கிட்டுல" என்றார்.

ஐந்தாம் நாள் மஸ்தான் பாய் என்னை நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவே, உங்கள் ஊர்க் காசு ஒன்று கொடுங்கள், குதிரைக்குக் காட்ட வேண்டும் என்றார். பத்துக் காசு நாணயம் ஒன்று இருந்தது. அதைக் குதிரையின் முகத்தருகே நீட்டி, "இத வெச்சி டீ வாங்க முடியாதுடா" என்று அதனிடம் விளக்கினார்.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. வசந்தா ஈப்போவுக்கு வந்தாள். அத்தை கடைசிவரை மலாயாவைப் பார்க்கவில்லை. ஆனால் லைனில் யாரிடமாவது சொல்லி எழுதவைத்த அவளுடைய கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருந்தது: அங்கே ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை கட்டுக் கீரை தருகிறார்கள். வசந்தா சந்தைக்குப் போய் விலை கேட்டுவந்து பதில் எழுதினாள். சந்தையில் எங்கள் கீரைக்காரச் சீனத்தியிடம் அவள் பழக்க தோஷத்தால் 'எத்தனை ரூபா' என்றே கேட்பாள். சில மாதங்களில் அந்தச் சீனத்தி எங்களைப் பார்த்ததும் விரல்களை விரித்து 'ரூபா' என்று தானே சொல்லத் தொடங்கினாள். இதை அத்தைக்கு எழுதியபோது, ஓபுலேசு அதைச் சத்தமாகப் படிக்க லைன் முழுவதும் கேட்டுச் சிரித்ததாகப் பதில் வந்தது.

அத்தைக்காக அந்தப் பதிலை எழுதியவர் யாரென்று இன்று நினைவில்லை. அத்தையும், வாசலில் அன்று 'கேட்டோம்' என்று சொன்ன மூவரும் இப்போது இல்லை. தாமோதரனும் இல்லை. வசந்தாவும் நானும் இருக்கிறோம். காலையில் இருவரும் சந்தைக்குப் போகிறோம்.